பஸ்ஸைத் தட்டிய கை

எங்கள் பக்கத்தில் பஸ்ஸைத் தட்டினால் பஸ் நிற்கும். திருவொற்றியூரில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. படியில் தொங்குகிறவன் பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி ‘ஓல்டான்!’ என்று கத்தினால், பின்னால் யாரோ ஓடி வருகிறார்கள், நிறுத்து என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் ஏறியாயிற்று, போகலாம். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டுவார், ஆனாலும் நிறுத்துவார். இந்தப் பழக்கத்தோடுதான் நான் வளைகுடா நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போனேன்.

மணலியில் ஃபிட்டராக இருந்தவன் நான். என் மனைவியின் தம்பியும் என்னோடு வந்தான். அவன் கிரைண்டிங் மெஷின் பிடிப்பவன், கல்யாணம் ஆகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஏர்போர்ட் வாசலில் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “உன்னப் பத்தி எனக்குக் கவல இல்ல. என் தம்பிய எப்டி இட்டுகினு போறியோ அப்டியே இட்டுகினு வரணும்.” அவள் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊரே லீவில் இருந்த நாளில், எங்கள் பட்டறையில் மட்டும் வேலை நடந்தது. கட்டிங் வீல் உடைந்து அதில் தெறித்த இரும்புத் துணுக்கு மச்சானின் இடது கண்ணுக்குள் போய்விட்டது. அவன் போட்ட கூச்சலை எழுத எனக்குத் தெம்பில்லை. ஃபோர்மேன் வந்து பார்த்தான். தண்ணீர் விட்டுக் கழுவு, நாளைக்கு வேன் வரும் என்றான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது கேஸாகிவிடும், அதுதான் அவன் பயம். அவன் மூஞ்சியில் காறித் துப்பத் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கண்ணின் நிமிஷம் என்பது எனக்குத் தெரியும். ஈரத்துண்டை மச்சானின் கண்ணில் கட்டி, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன். டாக்சி வராத பாலைவனப் பகுதி அது. எங்களுக்கு இருந்த ஒரே வழி பஸ்தான்.

பஸ் வந்தது. டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தான். எண்ணெயும் கரியும் படிந்த உடுப்பு, வேர்வை நாற்றம். மூக்கைச் சுளித்து ‘குயிக், குயிக்’ என்று கத்தினான். அவனும் எங்களைப் போல வேறொரு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன்தான். அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது. நான் முதலில் ஏறி என் கார்டை மெஷினில் வைத்தேன். பின்னால் மச்சான் ரோட்டில் நின்றபடி தன் கார்டுக்காக ஒற்றைக் கண்ணால் பையைத் துழாவிக்கொண்டிருந்தான். ‘மேன், ஹாஸ்பிடல்!’ என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே திரும்புகிறேன், கதவு மூடிவிட்டது. பஸ் நகர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே மச்சானின் உள்ளங்கை தெரிந்தது, கூடவே ஓடி வந்தது, பிறகு காணவில்லை.

யோசிக்கவே இல்லை நான். கை தானாக எழுந்தது. கதவோரத் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு. “ஓல்டான்!”

பஸ் நின்றது, நின்ற வேகத்தில் நான் கம்பியில் மோதினேன். டிரைவர் கூண்டைத் திறந்துகொண்டு வந்தான். ‘யூ பிரேக் பஸ்? யூ பிரேக் மை பஸ்?’ என்று கேட்டுக்கொண்டே என் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். உலகமே கொய்யென்று ஆனது. உடைக்கவில்லை, தட்டினேன் என்று எந்தப் பாஷையில் சொல்வது? இரண்டாவது அடி வாயில் விழுந்தது. பல்லில் உதடு கிழிந்து ரத்தம் நாக்கில் உப்புக் கரித்தது. அதற்கப்புறம் நானும் மனுஷனாக இல்லை. அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து மூக்கிலேயே நெற்றியால் முட்டினேன். முழங்காலால் வயிற்றில் இடித்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து என்னைத்தான் பிடித்தார்கள், அவனைப் பிடிக்க ஒருத்தனும் இல்லை. என் கைகளை அவர்கள் பின்னால் இறுக்கிப் பிடித்திருக்க, டிரைவர் நிதானமாக என் நெஞ்சில் எட்டி உதைத்தான். படியிலிருந்து தார் ரோட்டில் மல்லாந்து விழுந்தேன். கதவு மூடியது.

மச்சான் தட்டுத்தடுமாறி ஓடி வந்தபோது என் கையில் கல் இருந்தது. பஸ்ஸின் பின் கண்ணாடியைக் குறி பார்த்துவிட்டேன். தேங்காய் அளவு கல், எறிந்திருந்தால் உள்ளே ஒரு மண்டை பிளந்திருக்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மச்சான் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினான்.

“மாமா, வோணாம் மாமா! போலீசு வந்து உன்ன இட்டுகினு பூட்டா, என்னிய யாரு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவாங்க? எனக்கு ஒண்ணியும் தெரியல மாமா!”

கல்லைக் கீழே போட்டேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. வெயிலில் நடந்தோம். பாதி வழியில் துண்டு சிவந்து ஊறியதைப் பார்த்துத் தண்ணீர் லாரிக்காரன் ஒருவன் நிறுத்தி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் முயற்சியாவது செய்திருக்கலாம் என்றார். கண் போய்விட்டது. ஊருக்கு வந்தபோது என் மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

போன மாதம் நானும் மச்சானும் எண்ணூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். கதவு வைத்த புது பஸ். ஒரு ஸ்டாப்பில் இரண்டு வடநாட்டு ஆட்கள் மூட்டையோடு ஓடி வந்தார்கள், வள்ளூர் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்பவர்கள். ஒருவன் ஏறிவிட்டான். இன்னொருவன் கால் வைப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். கதவு மூடி பஸ் நகர்ந்தது. வெளியே நின்றவன் கூடவே ஓடி வந்து, பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். எங்கள் ஊர்ப் பழக்கத்தை எங்களிடமே கற்றுக்கொண்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது.

கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டினார். “எவன்டா அவன், பஸ்ஸ ஒடைக்கிறது? கலீஜுப் பசங்களா!” உள்ளே ஏறியிருந்தவன் கெஞ்சும் குரலில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “இன்னாடா முய்க்கிற? நீயும் எறங்கு!” என்று அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். மூட்டை ஒரு பக்கம் உருண்டது.

அந்தக் கண்டக்டரும் எங்கள் பக்கத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது. சின்ன வயசில் எத்தனை பஸ்ஸைத் தட்டி நிறுத்தியிருப்பார். நாங்கள் தட்டினால் அது நிறுத்தச் சொல்வது, அவன் தட்டினால் அது உடைப்பதா?

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கண்டக்டரின் சட்டைக் காலரைப் பிடித்துக் கம்பியோடு சாய்த்து, காதோடு சேர்த்து ஓர் அறை விட்டேன். விசில் வாயிலிருந்து தெறித்தது. அதே கையால் கதவோரத் தகரத்தில் ஒரு தட்டு. “ஓல்டான்!” பஸ் நின்றது, கதவு திறந்தது, ஓடி வந்தவன் மூச்சு வாங்க ஏறினான். என் வேலை அதோடு முடிந்தது, ஆனால் என் கை முடிக்கவில்லை. மறுபடியும் ஓங்கினேன். கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

யாரோ என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார்கள். திரும்பினேன். மச்சான்.

“உடு மாமா. அவன் வேற, இவன் வேற.”

“தெரியும்டா,” என்றேன். “அவன் எனக்குக் கெடைக்கலியேடா.”