ஜூலிக்குத் துக்கம் என்று நினைத்தேன்

ஆம்பூரில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுவது என் கணவரின் தொழில். போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். அதுவரை லாயத்துப் பக்கமே போகாத நான், ஜூலி என்கிற அந்த வெள்ளைக் குதிரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எனக்குத் தோல் ஷாப்பில், மாட்டுத்தோலைப் பதனிடும் இடத்தில், வேலை. வேலை விட்டதும் அதே புடவையோடு போய்ப் புல் போடுவேன். என்னைக் கண்டாலே ஜூலி காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். நான் நிற்கும்வரை புல்லில் வாய் வைக்காது. அவரை நினைத்து ஏங்குகிறது என்று எண்ணினேன். எனக்கோ அழுகையே வரவில்லை. அதுவாவது துக்கப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம், கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்லலாம் என்று நெருங்கினேன். சட்டென்று திரும்பி உதைத்தது. கையிலிருந்த வாளி நசுங்கிச் சுவரில் போய் மோதியது. எனக்குப் பயம்கூட வரவில்லை. அங்கேயே நின்றேன்.

சத்தம் கேட்டு வந்த கொழுந்தனார் என்னை வெளியே இழுத்தார்.

"உங்க அண்ணன நெனச்சு ஏங்குதுப்பா" என்றேன்.

"இன்னா அண்ணி, பச்சைத்தோல் நாத்தத்தோட கிட்ட போறீங்க. அது ஏங்கல, மிரளுது."

முந்தானையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது.

இப்போது குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் போகிறேன். காதுகள் முன்னால் திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிறேன். முந்தாநாள் ஜூலி தானாக வந்து என் தோளில் முகத்தை வைத்தது. ஏன் என்று நான் முடிவு செய்யவில்லை.