தாமசம்

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்களைப் பார்க்கிறவர்கள் "எப்ப வந்தீங்க?" என்று கேட்பதில்லை. "எப்பங்க போறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அயர்லாந்திலிருந்து நீண்ட விடுப்பில் கணவர் வீட்டுக்கு வந்திருந்த எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. கார்க் நகரத்தில்கூட "எந்த ஊர்?" என்பார்களே தவிர, போகும் தேதியைக் கேட்கமாட்டார்கள். மற்ற எல்லாரையும்விட ஆர்வமாகக் கேட்டவர் கணவரின் அண்ணன். எனக்கு அப்போதே பொறி தட்டியது.

எங்கள் மகள் மித்ரா கார்க்கில் பிறந்தவள், ஐரிஷ் பாஸ்போர்ட்காரி. என்றைக்காவது ஊரோடு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தால் ஐரிஷ் பாஸ்போர்ட்டை விடவேண்டும். விசா என்றால் வந்து போகலாம், அவ்வளவுதான். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும், ஆயுளுக்கும் செல்லும் ஓ.சி.ஐ. அட்டையே சரியென்று ஊரில் இருக்கும்போதே விண்ணப்பித்தோம். "அந்தக் கார்டெல்லாம் எதுக்குங்க அம்மிணி? வர்றப்ப வர்றப்ப விசா எடுத்தாப் பத்தாதா?" என்றார் மாமா. கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். வீட்டுக்குப் பின்னால் இன்னும் பாகம் பிரிக்காத தென்னந்தோப்பு. என் பிள்ளை கடைசிவரை விருந்தாளியாகவே இருந்தால் யாருக்கு லாபம் என்று எனக்குத் தெரியாதா?

விண்ணப்பம் பற்றி விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். கணவர் வீட்டில் இல்லை. நான் கரூர்க்காரி, கல்யாணமான கையோடு விமானம் ஏறியதால் மலையாளம் அரைகுறைகூடக் கிடையாது. "குட்டி இவிடெயாணோ தாமசம்?" என்றார். தாமசமா? இழுத்தடிக்கப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று பதறி, "தாமசமெல்லாம் வேண்டாங்க சார்!" என்றேன். "அப்போ திரிச்சு போகும், அல்லே?" ஃபைல் போவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஆமாங்க, சீக்கிரம் போகோணும்." அவர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

பக்கத்தில் நின்றிருந்த மாமா முதல் வரி முடியும்வரை அந்தப் பேனாவையே பார்த்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு, "சார், எழுதாதீங்க. தாமசம்னா லேட்டுன்னு நெனச்சுட்டாங்க. இது எங்கூட்டுப் புள்ளைங்க, இங்கதான் தாமசம்" என்றார். அங்கே தாமசம் என்றால் குடியிருப்பதாம். பிள்ளை இங்கே குடியிருக்க வேண்டாம், சீக்கிரம் திரும்பிப் போகட்டும் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே போன பிறகு நேராகவே கேட்டேன்: "அப்புறம் ஏனுங்க மாமா கார்டு வேண்டாம்னீங்க?"

"விசான்னா தேதி இருக்குமுங்க. அது முடியறதுக்குள்ள ஓடியாருவீங்க. இது எப்ப வேணும்னாலும் வரலாம்ங்கற கார்டு. அப்புறம் எங்க வரப்போறீங்க?"

நம்பினேனா? முழுதாக இல்லை. தோப்பு அங்கேதானே இருந்தது.

கார்க் திரும்பி மூன்று வருடமாகிறது. ஒவ்வொரு கோடையிலும் அடுத்த கோடைக்குப் போகலாம் என்கிறோம், அட்டைதான் இருக்கிறதே. மாமா "எப்ப வர்றீங்க?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். போன வாரம் வீடியோவில் மித்ராவுக்குத் தோப்பைக் காட்டினார். புதிதாக எல்லைக்கல் ஏதாவது நட்டிருக்கிறாரா என்று நான் திரையை உற்றுப் பார்த்தேன். எதுவும் இல்லை. அவர் போனோடு வீட்டுப் பக்கம் திரும்பும்போது வாசல் தெரிந்தது. மித்ரா விட்டுவிட்டு வந்த செருப்பு, மற்றவர்களின் செருப்போடு துடைத்து வைத்தபடி இருந்தது. இனி அது அவள் காலில் நுழையாது.