குடைப் படம் போட்ட ஊர்

மனைவியின் தமக்கை கனடாவிலிருந்து அனுப்பிய நீல ஸ்வெற்றர் எங்கள் இணுவில் வீட்டுக்கு வந்தது ஒரு பங்குனி மாத வியாழக்கிழமை. அன்று மழை இல்லை, காற்றும் இல்லை. பொதியைப் பிரித்த மனைவி அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். அன்று தொடக்கம் அது அலுமாரியின் மேல்தட்டில், காய்ந்த வேப்பிலைகளுக்கு நடுவே குடியிருந்தது.

இதை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. முற்றத்தில் ஒரு ஜாம் போத்தலை வைத்து, காலையில் அதற்குள் அடிமட்டத்தை விட்டு மழை அளந்து கொப்பியில் எழுதுவது என் பழக்கம். ஓய்வு பெறுவதற்கு முன்பே தொடங்கியது. மழை பெய்யாத நாளில் 'இல்லை' என்று எழுதுவேன். யாழ்ப்பாணத்தில் மழை அளப்பது என்பது பெரும்பாலும் 'இல்லை' என்று எழுதுவதுதான். மிஞ்சும் இடத்தில் வீட்டு நடப்புகளைக் கிழமையோடு குறித்துவைப்பேன். ஆகவே ஸ்வெற்றர் வந்தது வியாழன்தான். வெள்ளி என்று மனைவி இன்றைக்கும் சொல்வது தவறு.

அந்த ஸ்வெற்றரைக் குளிருகிற ஓர் ஊரில், ஒரே ஒருமுறை, போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மனைவியின் ஆசை அவ்வளவுதான். அவர் பிறந்தது பருத்தித்துறை, வாழ்க்கைப்பட்டது இணுவில், படிப்பித்தது மருதனார்மடத்துப் பக்கம். இந்த மூன்று ஊர்களில் எதிலும் அதற்கு வாய்ப்பில்லை என்பதற்கு என் கொப்பிகள் சாட்சி.

பயணத்துக்கு இடம் தெரிவுசெய்வது என் பொறுப்பாக இருந்தது. அதை நான் முறைப்படி செய்தேன். பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஆங்கிலப் பயணக் கைநூலின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. இடப்பக்கம் ஊர்கள், மேலே மாதங்கள். போக உகந்த மாதத்துக்குச் சூரியன் படம், ஆகாத மாதத்துக்குக் குடைப் படம். அதைக் கொப்பியின் முன்னட்டையில் இரண்டு நிற மையால் பிரதியெடுத்து வைத்திருந்தேன். கோடை தொடங்கும் மாதங்களில் கிழக்குக் கரை முழுவதும் சூரியன். மலைநாடு முழுவதும் குடை. நுவரெலியாவுக்கும் ஆண்டின் தொடக்கத்தில் சூரியன் உண்டு. ஆனால் அது பள்ளிக்கூடம் நடக்கிற காலம், விடுமுறை கிடையாது. சித்திரை விடுமுறை வந்ததும் அங்கே பின்னேர இடிமழை தொடங்கிவிடும். குடை.

எனவே முதல் பயணம் திருகோணமலைக்கு. பிறகு நாடு எங்களை வீட்டிலேயே இருத்திய ஆண்டுகள் வந்தன. முதலில் ஊரடங்கு, அடுத்துப் பெற்றோல் வரிசை. அதற்குப் பின் பாசிக்குடா. அதற்கடுத்து மீண்டும் திருகோணமலை. மூன்று முறையும் ஸ்வெற்றர் பையில் வந்தது, பையிலேயே திரும்பியது. ஆண்டுதோறும் சித்திரையில் மனைவி அதை எடுத்து, பூச்சி பிடிக்காமல் இருக்க, முற்றத்துக் கொடியில் ஒரு பகல் காயப்போடுவார். குளிருக்குப் பின்னிய அந்த உடுப்பு ஏழு ஆண்டுகளாகக் கண்டது வெயிலைத்தான்.

தமக்கை தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் கேட்பார்.

"ஸ்வெற்றர் எப்பிடியடி? சூடாயிருக்கோ?"

"நல்ல சூடு அக்கா," என்பார் மனைவி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்த ஆண்டு வைகாசியில் தமக்கை ஒரு செய்தி சொன்னார். ஆடியில் வருகிறாராம், கோயில் திருவிழாவுக்கு. அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னார்: "அவ வாறதுக்கு முன்னம் ஒருக்காலாவது நான் அதைக் குளிரில போடோணும். கழுத்தில தொங்கிற விலைச்சீட்டைக்கூட நான் இன்னும் வெட்டேல்லை. அலுமாரியைத் திறந்தால் அவ கண்டுபிடிச்சிடுவா."

மனைவி அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். விடுமுறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனி பிறந்த முதல் ஞாயிறு, பருத்தித்துறையிலிருந்து அவருடைய தம்பி வந்தான். வாடகை வான் ஓடுகிறவன். எங்கள் பயணங்களுக்கெல்லாம் அவன்தான் சாரதி. தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் கொப்பியை எடுத்துவந்தேன்.

"ஆனி மாதம். திருகோணமலைக்கு முழுச் சூரியன்," என்றேன்.

"ஏன் அத்தான், இஞ்சை சூரியனுக்குத் தட்டுப்பாடோ?" என்றான் மைத்துனன்.

"உகந்த காலநிலை எண்டு போட்டிருக்கு."

"ஆருக்கு உகந்தது?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி கொப்பிக்குக் கையை நீட்டினார். பக்கங்களைப் புரட்டி, வகுப்பில் வாசிப்பதுபோல உரத்து வாசித்தார்: "'திருகோணமலை. மழை இல்லை. வானம் தெளிவு. பயணம் வெற்றி.' அண்டைக்கு மணல் சுட்டு, நான் செருப்போட கடலுக்குள்ள இறங்கினனான். அது எங்கை எழுதிக் கிடக்கு? 'பாசிக்குடா. மழை இல்லை. வானம் தெளிவு. பயணம் வெற்றி.' உங்கடை மூக்குத் தோல் உரிஞ்சு ஒரு கிழமை பூசணிக்காய் மாதிரித் திரிஞ்சனீங்கள். அதையும் காணேல்லை."

"வெயிலில இருந்து வெயிலுக்குப் போக நான் டீசல் அடிச்சிருக்கிறன் அக்கா," என்றான் மைத்துனன் துக்கத்தோடு.

நான் முன்னட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரளவு வாசித்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அந்தக் கைநூலை எழுதியவர் பனி பெய்யும் நாட்டுக்காரர் என்பதையும், வெயிலைக் காண்பதற்காகவே பறந்து வருகிறவர்களுக்காக எழுதினார் என்பதையும் முன்னுரையிலேயே வாசித்திருந்தேன். சித்திரையில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும் நாளையும் தவறாமல் குறித்துவந்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மட்டும் ஏழு ஆண்டுகளாகத் தோன்றவில்லை. அவர்களுக்கு நல்ல காலநிலை என்றது எனக்கும் நல்லது என்று, நேரிய கோடு போட்டு, இரண்டு நிறத்தில் எழுதிவைத்திருந்தேன்.

"குடை போட்டிருக்கிற ஊர் எது?" என்று மனைவி கேட்டார்.

"நுவரெலியா. ஆனால் இப்ப போகக்கூடாது. விடாத மழை, பனிப்புகார். ஒண்டையும் பார்க்கேலாது."

"நான் பார்க்கவோ போறன்? குளிரத்தானே போறன்."

மைத்துனன் முற்றத்தைக் கைகாட்டினான். வாழை இலைகள் நார்நாராகக் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தன. "அத்தான், இஞ்சை இப்பிடித் தென்மேற்கில இருந்து சோளகம் அடிச்சால் அங்கை மழை கொட்டுதெண்டு அர்த்தம். ரெண்டும் ஒரே காத்துத்தான். மழை முழுக்க மலையில இறக்கிப்போட்டு வெறுங்கையோட எங்களிட்டை வருது."

இதைச் சொல்ல அவனுக்குக் கொப்பி தேவைப்படவில்லை.

புதன்கிழமை விடியப் புறப்பட்டோம். தம்புள்ளையில் வியர்த்தது, கண்டியில் வியர்வை நின்றது, றம்பொடை வளைவுகளில் மழை பிடித்தது. மைத்துனன் கண்ணாடியை ஏற்றினான். "இறக்கடா," என்றார் மனைவி. மடியில் ஸ்வெற்றர். அதுவரை போட்டுக்கொள்ளவில்லை. முதலில் நன்றாகக் குளிர வேண்டும், பிறகுதான் போடுவாராம்.

விடுதியில் எங்களைத் தவிர ஆளில்லை. விடுதிக்காரர் எங்களைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். "இந்த மாசத்துல யாருங்க வருவாங்க? சித்திரையில வந்திருந்தா பூவெல்லாம் பாத்திருக்கலாம்."

"நாங்கள் மழைக்கு வந்தனாங்கள்," என்றார் மனைவி.

விடுதிக்காரர் மேலும் ஒரு போர்வை கொண்டுவந்து தந்தார். அது எனக்குத்தான் உதவியது. ஜாம் போத்தலையும் அடிமட்டத்தையும் கொப்பியையும் மறக்காமல் எடுத்துவந்த நான், கம்பளி உடுப்பு என்று ஒன்றும் கொண்டுவரவில்லை. என்னிடம் அப்படி ஒன்று இருந்ததும் இல்லை. மூன்று நாளும் போர்வையைப் போர்த்தபடி முற்றத்துக்குப் போய் மழை அளந்தேன். மைத்துனன் தலையைத் துவாயால் கட்டிக்கொண்டு படுத்தே இருந்தான்.

மனைவி கைகளில் மயிர் சிலிர்க்கும்வரை விறாந்தையில் நின்றார். பிறகு விடுதிக்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கிக் கழுத்துச் சீட்டை வெட்டினார். ஸ்வெற்றரைப் போட்டு, கடைசிப் பொத்தான்வரை பூட்டினார். எதிரே தோட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளைப் புகாரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ, எனக்குக் குளிருது," என்றார், சோதனையில் தேறிய பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்வதுபோல.

படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினோம். வெள்ளை, அதன் நடுவில் நீலம், அதற்கு மேல் ஒரு சிரிப்பு. பதில் குரலாக வந்தது. "உதென்னடி, எங்கடை வீட்டு வாசல் மாதிரிக் கிடக்கு? நான் ஆடியில வாறது வெயில் காய. என்னையும் உங்கை கூட்டிக்கொண்டு போயிடாதேங்கோ."

மனைவி என்னைப் பார்த்தார். "அந்தச் சூரியன் போட்ட அட்டையைக் கிழிச்சுப் போடாதேங்கோ. அவவுக்கு உதவும்."

ஞாயிறு மாலை இணுவிலுக்குத் திரும்பினோம். போத்தல் என்னோடு வந்துவிட்டதால், அந்த நாட்களுக்கான இணுவில் மழைக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. மழை பெய்யவில்லை என்று பக்கத்து வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள். அளக்காததை நான் எழுதுவதில்லை. நுவரெலியாவுக்கு எழுதியது இது: 'மழை மூன்று நாளும். வானம் தெரியவில்லை.' அதற்குக் கீழே 'பயணம்' என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். இதுவரை வெற்றி என்று எழுதியவற்றை எண்ணி எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மனைவி ஸ்வெற்றரைத் தோய்த்துக் கொண்டுவந்து முற்றத்துக் கொடியில் போட்டார். அது கொடிக்கு வருவது எட்டாவது முறை. ஈரமாக வந்தது அதுவே முதல் முறை. கைநுனியிலிருந்து சொட்டிய நீர், நான் மறுபடி வைத்திருந்த போத்தலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. போத்தலை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அன்றைய கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.