கள்ளுக்கடைக்கு வந்த சோலார்

எண்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்துக்கு அரசாங்கம் இலவசமாக ஒரு சோலார் தகடு கொடுத்தது. அதை எங்கே மாட்டலாம் என்று தோட்டத்துப் பெரிய மனிதர்கள் இரண்டு வாரம் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் கள்ளுக்கடைக் கூரையில் மாட்டினார்கள்.

சிரம்பானுக்கு அப்பால், சுவா என்ற சிறு பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஆயாக் கொட்டாயில் வேலை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் விடிகாலையில் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மதியம் இரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். நானும் இன்னொரு ஆயாவும் சேர்ந்து இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம். அதில் ஒன்று என்னுடையது. கொட்டாய்க்குத் தகரக் கூரை. பதினோரு மணிக்கெல்லாம் உள்ளே ரொட்டி சுடலாம்.

தோட்டத்தில் கரண்டு இல்லாமல் இல்லை. ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அது சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடத் தொடங்கிப் பத்து மணிக்கு நின்றுவிடும். ஆக, வெயில் போன பிறகுதான் எங்கள் தோட்டத்தில் காற்றாடி சுற்றும். பகலில் பால் டின் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டிருப்போம். என் வலது தோள் இடது தோளைவிடப் பெரியதாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். லோரி ஓட்டுகிறவர் அவர். கள்ளுக்கடையில் அவருக்கென்றே ஒரு பெஞ்சு உண்டு.

சோலாரைப் பற்றிச் சொல்ல சிரம்பானிலிருந்து இளவயது மலாய் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று விளக்கினார். தகடு, பேட்டரி, இரண்டு விளக்கு, ஒரு காற்றாடி, எல்லாமே சும்மா. ஆனால் பொதுஜனம் புழங்கும் கட்டடத்தில்தான் மாட்டவேண்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம், எதற்காக ஓடியது என்று தாளில் எழுதி மாதாமாதம் அனுப்பவேண்டும். ஒரு வருடம் ஒழுங்காகப் பயன்படுத்தினால் தோட்டத்துக்கே சொந்தம். இல்லையென்றால் கழற்றி வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மந்தின் பக்கம் ஒரு தோட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லிவைத்தார்.

கோயிலுக்குப் போடலாம் என்றால் மேலே அரச மரம். நிழல் விழும் கூரை உதவாது. சாமிக்காக மரத்தை வெட்டினால் அந்தச் சாமியே கோபிக்கும் என்று கமிட்டிக்காரர்கள் பின்வாங்கினார்கள். நான் ஆபீசில் கணக்கு வழக்குப் பார்க்கும் கிராணியிடம் போய்க் கேட்டேன்.

"ஐயா, ஆயாக் கொட்டாய்க்குக் கேளுங்களேன். பகல்ல பிள்ளைங்க வெந்து போகுதுங்க."

"பிள்ளைங்களுக்கு எதுக்குமா கரண்டு? பேப்பர் படிக்கப் போகுதுங்களா?" என்றார் கிராணி. அவருக்கும் கள்ளுக்கடையில் ஒரு பெஞ்சு உண்டு. அதற்கு முதுகு சாய்க்கப் பலகைகூட இருந்தது.

மாட்டும் ஆட்கள் வந்த தினத்தில் கள்ளுக்கடைக்கு லீவு. பானை, குவளை எல்லாம் உள்ளறையில் போய்விட்டன. பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, தரையைக் கழுவி, சுவரில் ஒரு காலண்டரையும் மாட்டி வைத்தார்கள். பார்த்தால் யாரோ கல்யாணம் பண்ணப் போகிற இடம் மாதிரி இருந்தது. வந்தவர்கள் தகட்டை ஏற்றினார்கள், காற்றாடியைத் தொங்கவிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வருதுலா! குடிச்சதுகூடத் தெரியல," என்றார். குடித்தது எனக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் போனது. கிராணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கணக்கெழுதும் தாளை அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. அவருக்கு எழுதச் சோம்பல். நான் மூன்று வருடம் மலாய்ப் பள்ளியில் படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"தினம் ஆறு மணி நேரம்னு போட்டுடு. எதுக்குன்னு கேட்டா கூட்டம், தையல் வகுப்பு, அப்படி ஏதாச்சும் எழுதும்மா."

தாளின் தலைப்பைப் பார்த்தேன். கட்டடத்தின் பெயர் என்ற இடத்தில் 'டேவான் ஓராங் ராமாய்' என்று டைப் அடித்திருந்தது. பொது மண்டபம். கள்ளுக்கடையை அரசாங்கத்திடம் பொது மண்டபம் என்று சொல்லி வாங்கியிருக்கிறார் மனிதர்! "வீட்டுல வெச்சு எழுதிட்டு வரேன்யா," என்று தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கொட்டாயில் ஒரு ஏழு மாதக் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கண் மேலே சொருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஈரத்துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரெசர் மருந்து கொடுத்தார், இழுப்பு நின்றது. "தகரத்துக்கு அடியில போட்டு அவிக்காதீங்க. காத்தோட்டமா வைங்க," என்றார். குழந்தையின் அம்மா பால் வாளியைக்கூட இறக்கி வைக்காமல் ஓடி வந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று மதியம் பால் நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் எல்லாரிடமும் அந்தத் தாளைப் படித்துக் காட்டினேன்.

"பொது மண்டபம்னா யாரு வேணாலும் போலாமா?" என்றாள் ஒருத்தி.

"போலாம்."

"பிள்ளைங்க?"

"அதுங்களும் பொதுஜனம்தானே?"

திங்கட்கிழமை ஆயாக் கொட்டாய் இடம் மாறியது. கள்ளுக்கடை முன்கூடத்துக்குக் கதவு கிடையாது. அரைச் சுவரும் கம்பி வலையும்தான். பூட்டு இருந்தது உள்ளறைக்கு மட்டும். விட்டத்தில் வரிசையாகச் சேலைகளைக் கட்டி ஏணை போட்டோம். பெரிய பிள்ளைகளை பெஞ்சில் படுக்க வைத்தோம். என் பிள்ளைக்கு அவன் அப்பா பெஞ்சு. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றத் தொடங்கியது. ஏணைகள் லேசாக ஆடின. கள்ளு வாடை எங்கேயும் போகாது. ஆனால் ஒரு பிள்ளைகூட அழவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து எங்களுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

இரண்டு மணிக்கு அம்மாமார்கள் வந்தார்கள். ஒருத்தியும் பிள்ளையை எடுக்கவில்லை. ஏணைக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டரைக்கு ஆண்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் என் வீட்டுக்காரர்.

"என்னாடி இது?"

"மெதுவா பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்துச்சு."

"என் பெஞ்சுல..."

"உங்க பிள்ளைதான். வேணும்னா தூக்கி வெச்சுக்கிட்டுக் குடிங்க."

அவர் சத்தமில்லாமல் போய் சுவரோரம் குந்தினார். கள்ளு விற்கிறவர் உள்ளறையைத் திறந்தார். வியாபாரம் நடந்தது, ஆனால் குசுகுசுவென்று நடந்தது. சீட்டாட்டச் சண்டையைக் குசுகுசுவென்று போட முடியுமா? முயற்சி செய்தார்கள். இரண்டு பேர் கழுத்து நரம்பு புடைக்க, ஒருவரையொருவர் கேவலமான வார்த்தைகளால், மூச்சுக் காற்றிலேயே திட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்த மூன்றாமவர் வாய்விட்டுச் சிரித்தார். உடனே ஏழு குழந்தைகள் வீறிட்டன. ஒரு குழந்தை ஏணையிலிருந்து கீழே இருந்தவரின் குவளைக்கு மிக அருகில் மூத்திரம் பெய்தது. அருகில்தான், உள்ளே இல்லை என்று அவர் கடைசி வரை சாதித்தார், குடித்தும் விட்டார்.

மூன்றாம் நாள் மானேஜர் வந்தார். அவரும் தமிழர்தான், இருந்தாலும் பழக்கதோஷத்தில் துரை என்றுதான் கூப்பிடுவோம். பின்னாலேயே கிராணி.

"யாரைக் கேட்டு இங்க வந்தீங்க?" என்றார் துரை.

வேலை போனால் வீடும் போகும். தாளை நீட்டினேன். கிராணி சொன்னபடி நான் தையல் வகுப்பு என்று எழுதவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்கும் 'குழந்தைகள் தூங்கினார்கள், ஐந்து மணி நேரம்' என்று மலாயில் எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் இருந்த நாட்கள் காலியாக இருந்தன.

"பொது மண்டபம்னு போட்டிருக்குங்கய்யா. கிராணி ஐயா என்னை எழுதச் சொன்னாரு. பொய் எழுதக் கை வரல. அதான் பொதுஜனத்தைக் கூட்டியாந்து படுக்க வெச்சுட்டேன்."

துரை தாளைப் படித்தார். கிராணியைப் பார்த்தார். கிராணி காற்றாடியைப் பார்த்தார். துரை சட்டென்று வேலிப்பக்கம் திரும்பி, அங்கிருந்த ரப்பர் மரங்களை வெகுநேரம் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. எங்களைப் போகச் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் தகட்டை ஆயாக் கொட்டாய்க்கு மாற்றவேண்டும் என்று ஒரு மனு துரையிடம் போனது. கொடுத்தவர்கள் நாங்கள் இல்லை, கள்ளுக்கடைக்குப் போகும் ஆண்கள். முதல் கையெழுத்து என் வீட்டுக்காரருடையது. 'பிள்ளைகளின் நலனைக் கருதி' என்று மனுவில் இருந்ததாம். கேட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரம்பானிலிருந்து அனுமதி வர ஏழு வாரம் ஆனது. அதுவரைக்கும் இரண்டு மணி வரை எங்களுக்கு, அதன் பிறகு அவர்களுக்கு என்று பங்கு போட்டுக்கொண்டோம். கடிதம் வந்த அன்று ஆண்கள் காட்டிய சுறுசுறுப்பை அதற்கு முன் எந்தத் திருவிழாவிலும் நான் பார்த்ததில்லை. மாட்டும் ஆட்கள் வருமுன்பே ஏணி, கயிறு, மூங்கில் எல்லாம் தயார். கொட்டாய்க்கு நிழல் அடித்த ரம்புத்தான் கிளைகளை என் வீட்டுக்காரரே ஏறி வெட்டினார். கிராணி மட்டும் வரவில்லை. தீபாவளி வரைக்கும் அவர் என்னோடு பேசவும் இல்லை.

இழுப்பு வந்த குழந்தைக்குக் காற்றாடியின் நேர் கீழே ஏணை கட்டினோம். அதன் அம்மா இரண்டு மணிக்கு வந்து, பிள்ளையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "வேர்க்கலக்கா," என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வெயில் இல்லாத மழைக்காலத்தில் அந்தக் காற்றாடி சுற்றியதும் சுற்றாததும் ஒன்று. கூதல் அடிக்கிற நாளில் காற்றாடி எதற்கு என்று கேட்காதீர்கள். நம் ஊர் மழைக்கு முன்னால் வரும் புழுக்கம் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். நாலைந்து வருடம் கழித்துத் தோட்டத்துக்கு லைன் கரண்டு வந்தது. தகட்டைக் கழற்றி ஸ்டோரில் போட்டார்கள். உனக்கு வருத்தமாக இருந்திருக்குமே என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். இல்லை. புதுக் காற்றாடி மேகம் கறுத்த பிறகும் சுற்றியது. நான் அதன் கீழே காலை நீட்டி உட்கார்ந்தேன்.