பெரியப்பா கூண்டில் ஏறிய நாள்

காத்திவாக்கத்தில் நாங்கள் இருந்த வீடு என் மாமனார் கட்டியது. அவர் போன பிறகு அவருடைய அண்ணன், அதாவது என் கணவருக்குப் பெரியப்பா, மனையும் வீடும் தன்னுடையது, பாவம் பார்த்துக் குடியிருக்க விட்டேன் என்று எங்கள் மேல் கேஸ் போட்டார். தோற்றால் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது.

வக்கீல் வைக்கச் சொல்லி நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல எதற்கு ஆள், நானே பேசிக்கொள்கிறேன் என்றார் இவர். கடலில் எந்தக் காற்றுக்கும் அசராத மனுஷன். திருவொற்றியூர் கோர்ட்டுக்குப் போன பஸ்ஸில் சாமியை வேண்டிக்கொண்டே போனது நான் மட்டும்தான்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. ஒருவர் சாட்சி சொல்லும்போது எதிராளி வாயைத் திறக்கக் கூடாது. பொய்யே சொன்னாலும் பெரியவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்பது அவமரியாதை. கேட்க வேண்டியதைத் தலைவர் கேட்பார். கடைசியில் எதிராளி பக்கம் திரும்பி, இப்போது நீ சொல் என்பார். இவருக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான்.

பெரியப்பா கூண்டில் ஏறி, தம்பி அந்த வீட்டுக்கு ஒரு செங்கல்கூட வைக்கவில்லை என்றார். நாக்குக் கூசவில்லை அவருக்கு. பின் பெஞ்சில் நான் நுனிக்கு வந்துவிட்டேன். நீதிபதி இவரைப் பார்த்து, சாட்சியிடம் கேள்வி கேட்கிறீர்களா என்றார். கேட்காவிட்டால் அப்படியே பதிவாகிவிடும் என்றும் நல்லவிதமாகவே சொன்னார்.

இவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். "ஒண்ணும் இல்லீங்க ஐயா. அவரு பெரியவரு. அவரப் போயி நான் எப்டி கேள்வி கேக்கறது?"

கேளுய்யா, அஸ்திவாரம் தோண்டியது யார் என்றாவது கேளுய்யா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எழுந்து கத்தினால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், வாயாடி என்று தெருவே பேர் வைத்திருந்த நான் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா இறங்கிப் போனார். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள். இவர் தன் முறை வருமென்று அப்போதும் அசையாமல் நின்றார். டவாலிதான் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினார்.

அந்த டவாலியை வராந்தாவில் பிடித்து, இன்னொரு நாள் கேட்க முடியாதா என்றேன்.

"இன்னாம்மா நீ, கேள்வியே இல்லன்னு அவரே சொல்லிட்டாரே. பெரியவரு சொன்னத ஒத்துக்கினா மாரிதான ஆவுது?"

இவரோ திரும்பி வரும்போது தெம்பாக இருந்தார். "பயப்படாதமே. நம்ம மரியாதைய ஜட்ஜு பாத்துகினுதான இருந்தாரு. அடுத்த தபா என்னியத்தான் கேப்பாரு."

டவாலி சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டு வாசலில் பெரியப்பா ஒரு கொத்தனாரோடு நின்றுகொண்டிருந்தார். இவர் வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டார். பெரியப்பா நேராக உள்ளே போய், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த அறையின் சுவரைத் தட்டிக் கொத்தனாரிடம் காட்டினார்.

"இத்த இடிச்சிட்டா ரெண்டு ரூமும் ஒண்ணாய்டும்."