வண்டிச் சக்கரத்தில் வந்த வயல் மண்

யுத்தம் முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து, தாமிரபரணிக் கரையில் எங்கள் கிராமத்தில் அண்ணன் வீட்டில் இருந்தவள் நான். நாசரேத்தில் பயிற்சி முடித்த கையோடு தூத்துக்குடிக்கு வந்தேன். தனியாக வந்த பெண்ணுக்கு யாரும் வீடு தரவில்லை. கடைசியில் கடற்கரைப் பக்கத்துத் தெருவில், சங்கு குளிக்கப் போகிறவரின் மனைவி தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தாள்.

"எம் புருசன் பாதி வருசம் கடல்லதான் கெடக்காரு. நானும் ஒத்தையிலதான இருக்கேன். நீங்க பயப்படாம மேல இருங்க டீச்சரம்மா," என்றாள்.

ஒரு டிரங்குப் பெட்டி, பாய், குமுட்டி அடுப்பு. இவற்றை வைத்ததும் அறை நிறைந்துவிட்டது. சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிரும். ஜன்னலைத் திறந்தால் மணல், அதற்கு அப்பால் கடல். எங்கள் வீட்டில் கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். நடுகைக் காலத்தில் சேற்று வாசனை அடுக்களை வரைக்கும் வரும். இங்கே மண் என்று சொல்ல எதுவும் இல்லை. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துபோகிற மணல்தான்.

கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். குடிக்கத் தெருக்குழாய்க்குத்தான் போகவேண்டும். அங்கே குடத்தோடு நிற்கும்போது வீட்டுக்கார அக்கா சொன்னாள்: "இது ஆத்துத் தண்ணி. வல்லநாட்டுல இருந்து வருது."

எங்கள் ஆறு, தாமிரபரணி! அவசரமாக இரண்டு கையாலும் பிடித்து முகத்தருகே கொண்டுபோனேன். இரும்பு வாடைதான் அடித்தது.

"தண்ணிய மோந்து பாக்குற ஆள இப்பத்தான் பாக்கேன்," என்று அக்கா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மாடிக்கு வந்து குடத்தை இறக்கியதும் மறுபடியும் ஒருதடவை மோந்து பார்த்தேன்.

மாசி மாதம் ஒரு விடுமுறை நாளில் சந்தைக்குப் போனேன். வைக்கோல் வண்டிகள் வரிசையாக நின்றன. புது வைக்கோலின் மணம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. ஒரு வண்டியின் சக்கரத்தில் கறுத்த களிமண் காய்ந்து அப்பியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தாயி, வைக்கோல் வேணுமா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"இல்ல அண்ணாச்சி. அது வயல் மண்ணா?"

"ஆமா. வண்டிய வயலுக்குள்ளயே எறக்கித்தான் பாரம் ஏத்துனோம். அப்பிக்கிட்டு."

"கொஞ்சம் எடுத்துக்கிடட்டுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன்.

"அட, ஒரே வாய்க்கால்ல நமக்கு அடுத்த மடைல்லா!" என்றவர் அரிவாளை எடுத்துத் தானே சுரண்டினார். ஒரு சக்கரத்தோடு விடவில்லை. சுற்றிவந்து அடுத்த சக்கரத்திலும் சுரண்டி, என் முந்தானை நிறையப் போட்டார்.

அறைக்கு வந்து, மண்ணை ஒரு சட்டியில் கொட்டித் தண்ணீர் தெளித்தேன். வாசனை குப்பென்று எழுந்தது. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டு மேலே வந்த அக்கா, குனிந்து மோந்து பார்த்தாள்.

"சேறுல்லா மணக்கு?"

"அதுதான் அக்கா," என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பங்குனியில் அண்ணன் வந்தார், புத்தரிசி மூட்டையோடு. அறையைச் சுற்றிப் பார்த்தவர் முகம் வாடிப்போயிற்று.

"போதும்ளா. கெளம்பு, ஊருக்குப் போவோம்."

"வந்து என்ன செய்ய அண்ணே?"

"என்ன செய்ய? வீட்டுல இரு. மதினிக்கு ஒத்தாசையா இரு."

அண்ணன் நல்லவர். மனசார அழைத்தார். ஆனால் அந்த வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. நான் ஏங்கிக் கிடக்கிற அந்த வயலில் ஒரு பாத்தி கூட என்னுடையது இல்லை. கொல்லைக் கதவருகே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த உப்புப் பூத்த அறையோ என் சம்பளத்தில் நான் இருக்கிற இடம். இதைச் சொன்னால் அவர் மனசு நோகும்.

"லீவுக்கு வாரேன் அண்ணே," என்று மட்டும் சொன்னேன்.

பாதிப் படி இறங்கியவர் திரும்பி நின்றார். "நடுகைக்கு வருவியா? ஒனக்கு அது புடிக்கும்லா?"

அவருக்கு அது நினைவிருந்தது. "அப்போ பள்ளிக்கூடம் இருக்குமே," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

ஆனி பிறந்தது. ஒருநாள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இந்நேரம் ஊரில் நடுகைக்கு நாற்றுக்கட்டுகளைப் பிரித்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வாய் நின்றுவிட்டது. பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கடல்காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. அதைப் போய்க் கொக்கி மாட்டிவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்து படித்தேன்.