குட்டி வீசிய ஆடும் என் தங்கையின் வளைகாப்பும்

என் தங்கையின் வளைகாப்பைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. கோலார் தங்கவயலில், ஊரிகத்துச் சுரங்க லைன் வீடுகளில், அவள் மாமியார் வீட்டார் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எப்படித்தான் மனசு வருகிறதோ.

நான் பெங்களூருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். கால்நடை டிப்ளமா படித்துவிட்டுச் சேர்ந்த வேலை. அங்கே சினை செம்மறியின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டிக்கு ஆபரேஷன் செய்து, மறுபடி தைத்து மூடுவார்கள். ஆபரேஷன் பெரும்பாலும் நன்றாகத்தான் முடியும். கண்டம் அதற்குப் பிறகுதான். கத்தி பட்ட கருப்பை சும்மா இருக்காது. நாள் ஆகும் முன்பே குட்டியை வெளியே தள்ளப் பார்க்கும். அதை அடக்க மருந்து போடுவோம், கொட்டகையில் சத்தம் வராமல் பார்ப்போம், ஆட்டை இடம் மாற்றவே மாட்டோம். ஒரு தடவை யாரோ பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று, தையல் ஆறாத ஓர் ஆட்டை வண்டியில் ஏற்றி வேறு கொட்டகைக்கு அனுப்பினார்கள். வேண்டாம் என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. மறுநாள் காலையில் அது குட்டி வீசிவிட்டது; நாள் ஆகாத குட்டி செத்தே விழுந்தது. வந்தவர்கள் கொட்டகை சுத்தமாக இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

என் தங்கைக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது தெரிந்தது. அப்படியே விட்டால் குழந்தை நடக்க முடியாமல் போகலாம் என்றார்கள். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில், வயிற்றுக்குள்ளேயே வைத்து அதைத் தைத்து மூட ஒப்புக்கொண்டார்கள். எங்களுக்கு அம்மா இல்லை. தாய்வீடு என்று அவளுக்கு இருந்தது நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்து அவளை வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். "நல்லா முடிஞ்சுது. இனிமே பயம் ஒண்ணுதான். வலி சீக்கிரம் வந்துடக் கூடாது. டெலிவரி வரைக்கும் ஆஸ்பத்திரியை விட்டுத் தூரமா போகாதீங்க."

எனக்கு அது புதிதில்லை. பெயர்கூட இல்லாத எத்தனையோ ஆடுகள் துடித்துச் செத்துச் சொல்லிக்கொடுத்த விஷயம் அது. அவற்றிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவை கொடுத்துவிட்டுப் போனதையாவது மனிதர்கள் மதிக்க வேண்டாமா?

ஏழாம் மாதம் பிறந்ததும் தங்கையின் மாமியார் ரூமுக்கு வந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"வளையல் போடாம வுட்டா லைன்ல இன்னா பேசுவாங்க? கொறையுள்ள புள்ள, அதான் மறைக்கிறாங்கன்னு பேசுவாங்க," என்றார்.

"அத்தை, டாக்டர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க? வலி வந்துடும். ஆபரேஷன் பண்ண ஆட்டை எடம் மாத்தினதுக்கே குட்டி வீசிடுச்சு. நான் கண்ணால பாத்துக்கீறேன்."

"இன்னாடி இது, எம் மருமவளை ஆட்டோட சேக்கறே? கல்யாணம் ஆவாதவ, ஒரு புள்ள பெத்தவளும் இல்ல. ஆடு பாக்கறவ வந்து எனக்குப் பிரசவம் சொல்லித் தர்றியா?"

"வேணாம்னு சொல்லலை. இங்க ரூம்லயே வெச்சிக்கலாம். நானே வளையல் வாங்கியாரேன்."

"ரூம்லயா? லைன் பூரா சொல்லியாச்சும்மா."

தங்கையின் கணவர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறவர். நாலு ஊர் பார்த்த மனிதர். அன்றைக்கு வாயைத் திறப்பார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் செல்போனைத் தடவிக்கொண்டு, "அம்மா மனசு கஷ்டப்படும்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்தால் ரூம் பூட்டியிருந்தது. போன் செய்தேன். "நாங்க ஊரிகத்துல கீறோம். ஒரு மணி நேரந்தான். நீயும் வா," என்றார் அத்தை. மாரிகுப்பம் ரயிலில் நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் வாய்க்குள் திட்டித் தீர்த்தேன்.

லைன் வீடுகளுக்கு நடுவே பந்தல் போட்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பட்டுப்புடவையில், இரண்டு கையும் நிறைய வளையலோடு தங்கை நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் புளிச்சோறு தொடாமல் கிடந்தது. சுற்றி எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் இடுப்பைப் பிடித்தபடி காலைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலி தொடங்கும் ஆடும் தீவனத்தைத் தொடாது. மந்தையை விட்டு ஒதுங்கித் தரையைக் கீறும். போய் வயிற்றில் கை வைத்தேன். கல்லாக இறுகி, தளர்ந்து, திரும்பவும் இறுகியது.

"எப்போலேருந்து?"

"கார்ல வரும்போதே, அக்கா. வலின்னு இல்ல, இழுத்துப் புடிக்குது. சொன்னா எல்லாரும் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்குவாங்கன்னு..."

அவளை எழுப்பினேன். "ஆரத்தி எடுக்காம எழுப்பக் கூடாது," என்று அத்தை தட்டோடு குறுக்கே வந்தார். தட்டைத் தள்ளிவிட்டேன். ஆரத்தித் தண்ணீர் அவர் புடவையில் கொட்டியது. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

அவர்கள் வந்த காரிலேயே அவளை ஏற்றிப் புறப்பட்டேன். கோலாரைத் தாண்டும்போது பனிக்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரியில் அவளைத் தியேட்டருக்குள் கொண்டுபோக வளையல்களைக் கழற்ற வேண்டியிருந்தது. கை வீங்கியிருந்ததால் கழலவில்லை. இரண்டு நர்ஸ்கள் நின்று ஒவ்வொன்றாக உடைத்தார்கள்.

பெண் குழந்தை. "முதுகு அழகா மூடியிருக்கு," என்றார் டாக்டர். கால்களைக்கூட ஆட்டினாள். மூச்சுதான் விட முடியவில்லை. நுரையீரல் இன்னும் தயாராகவில்லை. சில நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் போராடிவிட்டுப் போய்விட்டாள். ரூமிலேயே படுத்திருந்தாலும் வலி வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் நியாயமான மனிதர். எனக்கு அந்த நியாயம் வேண்டாம். ஆஸ்பத்திரியை விட்டு அவ்வளவு தூரத்தில், வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாமல் ஒரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்களே, அதற்கு யார் சமாதானம் சொல்வார்கள்?

டிஸ்சார்ஜ் ஆனதும் அவளை ஊரிகத்துக்கே அழைத்துப் போனார்கள். சில நாள் கழித்து நான் பார்க்கப் போனபோது, பால் கட்டி நனைந்த ரவிக்கையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்: "அவ்ளோ ஜோரா பண்ணோம், கண்ணு பட்டுடுச்சு." பிறகு தங்கையின் தலையைத் தடவி, "வுடு கண்ணு, அடுத்த தபா இதைவிட ஜோரா பண்ணிடலாம்," என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். "அக்கா, என்னை இட்டுனு போயிடு."

அவள் பையை எடுத்தேன். அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"தீட்டு கழியாம பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது. இப்போ அவளை எங்கயும் அசைக்கக் கூடாதும்மா."

"இப்போ அசைக்கக் கூடாதா, அத்தை?" என்று கேட்டேன்.

அவர் வழியை விட்டார்.